கடல் பக்கத்திலேயே இருந்தும் தீயை ஏன் அணைக்க முடியவில்லை? – பொழியூர்ப் பக்கம் கண்ட ஒரு தீ விபத்து

மார்த்தாண்டம் பயணி (இழையைத் தொடங்கியவர்)

பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு பூவார்ப் பக்கம் தங்கியிருந்தபோது, பொழியூரைத் தாண்டி, கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் நீரோடி எல்லைக்கு அருகில் உள்ள கடற்கரையில் ஒரு தீ விபத்தை நேரில் காண நேர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பையனுக்குக் கையில் தீக்காயம் ஏற்பட்டது. மற்றபடி சேதம் பொருள்களுக்குத்தான்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். கரையில் வரிசையாக நின்ற ஓலைக்கூரைச் சிற்றுண்டிக் கடைகளில், அலைக்கு மிக அருகில் இருந்த கடையின் பின்புறத்தில் புகை எழுந்தது. அடுப்புப் புகை என்றே பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கூரையின் மேல் தார்ப்பாய் விரித்துக் கட்டியிருந்ததால், அதற்கு அடியில் தீ ஓடியது வெளியே தெரியவில்லை. தெரிந்தபோது கூரை முழுவதும் பற்றிவிட்டிருந்தது. கடற்காற்று கரையை நோக்கி வலுவாக வீசிக்கொண்டிருந்தது. அடுத்த கடையும், அதற்கு அப்பால் மேட்டில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களில் (மீன்பிடிப் படகுகளில்) இரண்டும், அவற்றின் அருகே கிடந்த வலைக்குவியலும் எரிந்தன.

சுற்றுலா வந்தவர்கள் சும்மா நிற்கவில்லை. வாளி, குடம், குளிர்பானப் பெட்டி என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் கடல்நீரை மொண்டு ஊற்றினோம். எரியும் கூரை அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஒரு வள்ளத்தின் அடியில் ஊற்றியபோது தீ மணலின் மேல் பரவியது. ஊர்க்காரர் ஒருவர் ஓடிவந்து ஊற்றியவரின் வாளியைப் பிடுங்கி எறிந்தார். தீயணைப்பு வண்டி வந்ததும் சாலை முனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து குழாயை நீட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அலை காலை நனைக்கும் தூரத்தில் இருந்தும் இவ்வளவு எரிந்தது ஏன்? வந்த வண்டி கடல்நீரை உறிஞ்சி அடித்திருக்கக் கூடாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும். கடையின் பெயரையோ விடுதியின் பெயரையோ இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தீ எப்படிப் பிடித்தது என்று விசாரிப்பது அதற்கு உரியவர்களின் வேலை.

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர், குழித்துறை

வாளிக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வாளி பத்து அல்லது பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும். அலை உடையும் இடத்தில் மொண்டால் அதில் கால்வாசி மணலாக இருக்கும். மணலில் ஓடிவந்து ஊற்றிவிட்டுத் திரும்பிப் போய் மீண்டும் மொள்ள ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். பத்துப் பேர் இடைவிடாமல் ஓடினாலும் நிமிடத்திற்கு நூறு லிட்டர் தேறுவது அரிது. மூன்று நடைக்குப் பிறகு அதுவும் பாதியாகிவிடும். ஆனால் தை மாதத்து வெயிலில் காய்ந்த ஓலை, கீழிருந்து மேலே எரியும்போது நிமிடத்திற்கு நிமிடம் பல மடங்காகப் பெருகும். அதற்கு மேல் தார்ப்பாய் வேறு இருக்கிறது. மழையை உள்ளே விடாத தார்ப்பாய் வாளித் தண்ணீரையும் உள்ளே விடாது. நீங்கள் ஊற்றியதெல்லாம் அதன் மேல் வழிந்து மணலுக்குப் போயிருக்கும்.

எரிந்துகொண்டிருந்த கூரைக்கு ஊற்றிய அந்தத் தண்ணீரை, எரியாமல் நின்ற அடுத்த கூரைக்கு ஊற்றியிருந்தால் ஒருவேளை இரண்டாவது கடை தப்பியிருக்கும். முழுவதும் பற்றிய ஓலைக்கூரையை வாளியால் மீட்டதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. ஆனால் பக்கத்துக் கூரையை ஈரமாக வைத்து, பறந்து வந்து விழுகிற கங்குகளை அவ்வப்போது அடித்து அணைத்து, தெருவையே காப்பாற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். தீ அடுத்த கூரைக்குப் போவது பெரும்பாலும் பறக்கும் கங்கினாலும் வெப்பத்தினாலும்தான். நெருப்பு நாக்கு வந்து தொட வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஆகையால் காற்று எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் இருக்கும் எரியாத பொருளை நனைப்பதுதான் வாளி பிடித்தவரின் முதல் வேலை.

வள்ளத்தடியில் ஊற்றியபோது தீ பரவியதற்குக் காரணம் எளியது. எண்ணெய் தண்ணீரை விட இலேசானது. மணலில் ஊறிக் கிடந்த எரிபொருளைத் தண்ணீர் மேலே தூக்கி மிதக்கவிட்டு, சரிவை நோக்கி ஓட வைத்துவிடும். அந்த இடத்தில் மணல்தான் மருந்து. சுற்றிலும் மணல் இருக்கும்போது தண்ணீரைத் தேடி ஓடுவது மனித இயல்பு என்றாலும், வாளியைப் பிடுங்கியவர் செய்ததுதான் சரி.

கடல்நீரை வண்டி உறிஞ்ச முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். துறைமுகங்களில் செய்வதுண்டு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுப் பம்பைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும். ஆனால் திறந்த கடற்கரையில் சிக்கல் வேறு. உறிஞ்சு குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அலை பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் அது காற்றை இழுத்தால் பம்பு பிடி விட்டுவிடும். அலை திரும்பும்போது மணலை இழுத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மேலும், பம்பு நீர்மட்டத்திலிருந்து ஏழு மீட்டர் உயரத்திற்குள் இருந்தால்தான் நடைமுறையில் உறிஞ்சும். வண்டியைத் தண்ணீர் அருகே கொண்டுபோகலாம் என்றால், 4,500 லிட்டர் நீரைச் சுமந்த வண்டி இளமணலில் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். அப்புறம் தீயை விட்டுவிட்டு வண்டியை மீட்க வேண்டியதுதான். சாலை முனையில் நிறுத்திய ஓட்டுநர் தம் வேலையை அறிந்தவர். அந்த 4,500 லிட்டரும் ஒரு குழாயில் அடித்தால் பத்து நிமிடம் போல வரும். அதற்குள் எதைக் காப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

பூவார், பொழியூர்ப் பொழிமுகங்களில், அதாவது ஆறும் காயலும் கடலைச் சேரும் இடங்களில், காயல் நீர் அசையாமல் நிற்கும் இடங்களில், கையில் தூக்கிச் செல்லும் சிறு பம்பை வைத்தால் நன்றாக இழுக்கும். தீ பிடித்த இடம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது அது.

வள்ளவிளைக்காரன்

எங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே அன்றைய கரும்புகை தெரிந்தது. என் மைத்துனரின் வள்ளம் அந்த வரிசையில் இருந்ததால் நாங்களும் ஓடினோம். அதனால் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

கடைகளும் வள்ளங்களும் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலரிப்பால் எங்களுக்குக் கரையே இல்லாமல் போய்விட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாலையைக் கூடக் கடல் எடுத்திருக்கிறது. கல்சுவருக்கும் தூண்டில் வளைவுக்கும் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல் தடுப்புக்கும்) இடையில் மிச்சமிருக்கும் துண்டு மணலில்தான் வள்ளத்தை ஏற்ற வேண்டும், வலையைக் காயப்போட வேண்டும், கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்க வேண்டும். சுற்றுலாக் கடைகளும் அதே துண்டில்தான் வந்து நிற்கின்றன. இடம் இருந்தால் நாங்கள் ஏன் அடுப்புக்குப் பக்கத்தில் கன்னாஸை (எரிபொருள் கேனை) வைக்கப் போகிறோம்?

கன்னாஸில் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய். இயந்திரத்தைக் கிளப்ப மட்டும் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருப்போம். அன்று முதலில் வந்த நாலு பேர் செய்தது, எரியாத வள்ளங்களிலிருந்து கன்னாஸ்களைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடியதுதான். அடுத்து இயந்திரங்களைக் கழற்றினார்கள். கோயில் மணியை நிறுத்தாமல் அடித்ததால் ஊரே கூடிவிட்டது. அப்புறம்தான் வள்ளங்களைக் கட்டை போட்டு உருட்டித் தள்ளினோம். வலையை விட்டுவிட்டோம். எரிகிற வலையை யாரும் தொடக்கூடாது. நைலான் உருகிச் சொட்டும்போது கையில் ஒட்டினால் தோலோடுதான் வரும். அந்தப் பையனுக்கு நேர்ந்தது அதுதான்.

இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். வள்ளம் இறக்குகிற சரிவு அங்கே ஒன்றே ஒன்றுதான். அந்தச் சரிவில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது பேர் நின்றார்கள். விலகச் சொல்லிக் கத்தினால், நாம் தீயைப் பார்த்துக் கத்துகிறோம் என்று அதையும் படம் பிடித்தார்கள். பல லட்ச ரூபாய்க் கடனில் வாங்கிய வள்ளத்தை இழுப்பவனுக்கு வழிவிடத் தெரியாதவர்கள் வாளியோடு உதவிக்கு வந்து என்ன பயன்? மார்த்தாண்டம் பயணி அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர் வாளியாவது எடுத்தார்.

நாகர்கோவில் வாசகர்

வள்ளவிளை அண்ணனுக்கு ஒரு கேள்வி. எரிகிற வள்ளம் இரண்டையும் முதலிலேயே கடலுக்குள் தள்ளிவிட்டிருந்தால் வலைகளும் மற்றவையும் தப்பியிருக்குமே? கட்டை போட்டு உருட்டத் தெரிந்தவர்கள் ஏன் அதைச் செய்யவில்லை?

தடா வாசி

இதற்கு எங்கள் ஆந்திரக் கரையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஏறத்தாழ நாற்பது விசைப்படகுகள் எரிந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். அங்கே தீப்பிடித்த படகுகளை மற்றவற்றிலிருந்து பிரிக்கக் கயிற்றை அவிழ்த்து விட்டார்கள். காற்றும் நீரோட்டமும் அவற்றைத் திரும்பவும் படகுத்துறைக்கே கொண்டுவந்து சேர்த்தன என்று அப்போது காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் கூறினார். படகுகளில் டீசலும் எரிவாயு உருளைகளும் இருந்ததால் தீ மேலும் வலுத்தது. நெருக்கமாகக் கட்டி வைத்த படகுகளுக்கிடையே ஒன்று எரிந்தால், அதை அவிழ்த்துவிடுவது சரியான யோசனை போலத்தான் தோன்றும். காற்று கரையை நோக்கி வீசும்போது அது எரிகிற தீப்பந்தத்தை ஊருக்குள் திருப்பி அனுப்புவதாக முடியும்.

பொழியூரிலும் அன்று பிற்பகல் கடற்காற்று என்று மேலே எழுதியிருக்கிறார்கள். பகலில் நிலம் சூடாகி, கடலிலிருந்து கரைக்குக் காற்று வருவதும், இரவில் பெரும்பாலும் திசை மாறுவதும் எல்லாக் கரைக்கும் பொதுவானது. எரியும் வள்ளத்தை அலைக்குள் தள்ளியிருந்தால் அலையே அதைப் பக்கத்து வரிசையில் கொண்டுவந்து போட்டிருக்கும். இழுத்துக்கொண்டு போக இன்னொரு வள்ளமும், அதை ஓட்ட ஆளும், எரியாத நீண்ட கயிறும் இருந்தால் அது வேறு கதை.

வள்ளவிளைக்காரன்

தடா நண்பர் சொன்னதே எங்கள் பதிலும். கூடவே ஒன்று: ஃபைபர் வள்ளம் எரியும்போது வரும் கரும்புகையில் இரண்டு மூச்சு இழுத்தால் நிற்க முடியாது. பக்கத்தில் போய்த் தள்ளுவது எழுதுவதைப் போல எளிதல்ல.

நெய்யாற்றங்கரை ஆசிரியை

நான் எழுத வந்தது தொலைபேசி பற்றி. அன்று அந்தக் கரையில் இருந்த என் உறவினர்கள் இருவரும் ஒரே நேரத்தில் உதவிக்கு அழைத்தார்கள். ஒருவருக்குக் கேரளக் கட்டுப்பாட்டு அறையும், மற்றவருக்குத் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறையும் கிடைத்தன. எல்லையில் கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் அழைப்பு போய்விடுகிறது. ‘எந்த மாவட்டம்?’ என்ற கேள்விக்கு, அவர்களில் விடுமுறைக்கு வந்திருந்த பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. ‘கொல்லங்கோடு’ என்றார், அந்தப் பெயர் எல்லைக்கு இருபுறமும் வழங்குவதால் குழப்பம் கூடியது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, கரையில் வாழ்பவர்களின் உறவும் பேச்சும் இன்றும் கலந்தேதான் கிடக்கின்றன. நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து தங்குபவர் என்ன செய்ய வேண்டும்? ஓய்வு பெற்ற தீயணைப்பு ஐயா விளக்கினால் நல்லது.

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர், குழித்துறை

டீச்சர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். 101 ஆனாலும் 112 ஆனாலும் எந்த மாநிலத்துக்கு அழைப்பு போனாலும் அழைப்பைத் துண்டிக்க வேண்டாம். ஒரு கட்டுப்பாட்டு அறை மற்றொன்றுக்குத் தகவல் தருவது வழக்கம்தான். அதற்கு நீங்கள் இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். முதலில் மாநிலத்தின் பெயர், அடுத்து ஊர், அடுத்து ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம்: கோயில், பாலம், பொழிமுகம், பள்ளிக்கூடம். தங்கும் விடுதியின் பெயரை மட்டும் சொன்னால், ஓட்டுநர் அதைத் தேடி அலைவார். எது எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, எரிவாயு உருளை உண்டா, வண்டி எதுவரை வரும் என்பவற்றையும் சொல்லிவிட்டால், அதற்கேற்ற வண்டியும் கருவியும் புறப்படும். எண்ணெய்த் தீ என்று தெரிந்தால் நுரைக் கலவையை எடுத்து வைப்பார்கள்.

அழைத்து முடித்ததும் ஒருவரை முக்கியச் சந்திப்புக்கு அனுப்பி நிறுத்துங்கள். சாலையோரம் காரை நிறுத்தியவர்களைத் தேடிப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். சுற்றுலா வந்தவர் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி தம் வாகனத்தை அகற்றுவதுதான் என்று நான் நினைக்கிறேன். கடற்கரைச் சாலையில் இருபுறமும் கார் நின்றால் பெரிய வண்டி உள்ளே வராது, வந்தாலும் திரும்பாது.

நாகர்கோவில் வாசகர்

இவ்வளவு பேசுவதை விட, கடற்கரையில் ஓலைக்கூரையையே தடை செய்துவிட்டால் என்ன? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையலறைத் தீ கூரை ஓலைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிக்கூடங்களில் கூரைகளை அகற்றினார்களே.

வள்ளவிளைக்காரன்

பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை உள்ளே வைத்துக் கதவை அடைக்கிறோம். அங்கே தடை நியாயம். நாலு பக்கமும் திறந்த கடைக்குத் தகரம் போட்டால், உப்புக் காற்றில் இரண்டு பருவத்தில் துருப்பிடித்து, பலத்த காற்றில் கத்தியாய்ப் பறக்கும். 2017 இல் ஓக்கிப் புயலின்போது பார்த்தோம். ஓலைக்குள் எரிகிற அடுப்பும், தொங்குகிற மின்கம்பியும், அதற்கு மேல் தார்ப்பாயும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். அடுப்பைக் கூரைக்கு வெளியே, காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிரே வைக்கச் சொல்லுங்கள், கேட்கிறோம்.

செவிலியர், பாறசாலை

தீக்காயம் பட்ட பையனைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அன்று அவன் கையில் யாரோ பற்பசையைப் பூசிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பற்பசை, மை, வெண்ணெய், பனிக்கட்டி எதையும் வைக்கக் கூடாது. சுத்தமான, குளிர்ச்சியான தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு இருபது நிமிடம் காட்ட வேண்டும். கடற்கரையில் குழாய் இல்லையென்றால், கடைகளில் விற்கும் குடிநீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றலாம். மணல் கலந்த கடல்நீரில் கையை முக்குவது புண்ணுக்கு நல்லதல்ல.

வீக்கம் வருவதற்கு முன் மோதிரம், காப்பு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உருகிய நைலான் தோலில் ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்து எடுக்காமல், தண்ணீர் விட்டு ஆறவைத்து அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தினால் போதும்.

தீக்காயமே இல்லாவிட்டாலும், புகைக்குள் நின்றவருக்குக் குரல் கம்மினாலோ, மூக்கில் கரி படிந்திருந்தாலோ, இருமலில் கரி வந்தாலோ காத்திருக்க வேண்டாம். மூச்சுக்குழாய் வீங்கத் தொடங்கினால் சில மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும். அன்று வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்று இழுத்தவர்கள்தான் இதைக் கவனித்திருக்க வேண்டியவர்கள். அவர்கள் யாரும் மருத்துவமனைப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் அறிவேன்.

மார்த்தாண்டம் பயணி

அனைவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. இரண்டாவது கடையில் எரிவாயு உருளை இருந்தது. அதன் வாயில் சுடர் நீளமாக எரிந்துகொண்டிருந்ததைக் கண்டோம். ஒருவர் ஈரக்கோணியைப் போட்டு அதை அணைக்கப் போனார், ஊர்க்காரர்கள் தடுத்துவிட்டார்கள். அணைத்திருந்தால் ஆபத்து குறைந்திருக்காதா?

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர், குழித்துறை

தடுத்தது சரி. வால்வை மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைத்தால், வாயு தொடர்ந்து வெளியேறும். அது காற்றை விடக் கனமானது. மேலே போகாமல் மணலை ஒட்டிப் படர்ந்து, வள்ளத்தின் அடியிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். பக்கத்தில் இன்னும் கங்கு கனன்றுகொண்டிருக்கும்போது அது மொத்தமாகப் பற்றும். எரிந்துகொண்டிருக்கும் வாயு எங்கே இருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும். வால்வுக்குப் பாதுகாப்பாகக் கை எட்டினால் மூடுங்கள். எட்டாவிட்டால் எல்லோரையும் விலக்குங்கள். உருளை வெளியிலிருந்து தீயில் வாட்டப்படும் நிலையில் இருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி அது வெடிக்கக்கூடும் என்பதால், குழாய் கொண்டு தொலைவிலிருந்து குளிர்விப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தீயணைப்பு வீரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

வள்ளவிளைக்காரன்

ஐயா, எங்கள் ஊரில் கோயில் வளாகத்தில் கூரையைப் பிடித்து இழுக்க இரண்டு தோட்டி (நுனியில் கொக்கி வைத்த நீளக் கம்பு) செய்து வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அன்று மூன்றாவது கடை தப்பியதே, தேங்காய் பறிக்கிற தோட்டியால் அதன் கூரையை ஓலை ஓலையாக இழுத்துக் கீழே போட்டதால்தான். எந்த அளவில் செய்வது?

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர், குழித்துறை

நல்ல யோசனை. கூரை உச்சியின் உயரத்தை விட ஓர் ஆள் நீளமாவது கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் விழுகிற ஓலைக்கு வெளியே நின்று இழுக்க முடியும். கம்பு நன்றாகக் காய்ந்த மூங்கிலாக இருக்கட்டும். மின்கம்பிகள் தாழ்வாகப் போகும் இடம் என்பதால் இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம். கொக்கி தேங்காய்த் தோட்டியினுடையதை விடப் பெரியதாக, கூரைக் கழியையே பிடிக்கும்படி வளைந்து, நுனி கூராக இருக்க வேண்டும். கொக்கியின் கழுத்தில் ஒரு வளையம் வைத்துக் கயிறு கட்டினால், ஒருவர் கம்பைப் பிடிக்க இருவர் இழுக்கலாம். இழுப்பதற்கு முன் அந்தக் கடையின் மின் இணைப்பைத் துண்டித்தாயிற்றா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூரையைக் காற்று போகும் பக்கமாக விழவைக்காமல், காற்று வரும் பக்கமாக, அதாவது பகல் நேரமென்றால் கடலை நோக்கி இழுத்து விழவையுங்கள். விழுந்த ஓலையின் மேல் மணலை வாரிப் போட நாலு மண்வெட்டியும் அதே இடத்தில் இருக்கட்டும்.